மதுரையில் எங்கே, எப்போது சாப்பிடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைக்காரன். மருந்துக் கம்பெனிக்காகத் தெருத் தெருவாக அலைகிற வேலை. அதனால் வாரத்தில் ஐந்து நாள் மதியச் சாப்பாடு வெளியில்தான், ராத்திரி டிபனும் பாதி நாள் வெளியில்தான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும், ரயில் திண்டுக்கல் தாண்டியதும் எனக்குப் போன் வரும்: "எங்கேப்பா சாப்பிடலாம்?" மச்சினனில் தொடங்கி, கல்லூரியில் கூடப் படித்தவன், மேனேஜர், மேனேஜரின் சம்பந்தி வரை எல்லாருக்கும் அதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். இதெல்லாம் என் நாக்கு சொல்வது. உங்கள் நாக்கு வேறு சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரே ஒரு நாள்தான் மதுரையில் இருப்பேன். எந்தக் கடைக்குப் போவது?

எந்தக் கடை என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரம் என்று கேளுங்கள். இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கறி தோசை கேட்டால் தோசைக்கல்லே சூடாகியிருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு அயிரை மீன் குழம்பு கேட்டால் சட்டியின் அடியில் தலையும் புளியும்தான் மிஞ்சியிருக்கும். பேர்பெற்ற கடைக்கே போய்விட்டு "பெருசா ஒண்ணுமில்லையே" என்று திரும்புகிறவர்களில் பாதிப்பேர் தப்பான நேரத்தில் போனவர்கள்.

என் கணக்கு இது. காலை ஏழரைக்குள் இட்லி, பொங்கல், காபி. பத்து மணி வாக்கில் வெறும் டீ, வடை வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு மெஸ்ஸில் இலை. மீனாட்சி அம்மன் கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். அதனால் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக மெஸ்ஸுக்குப் போவது சரியாக இருக்கும். நான்கு மணிக்கு ஜிகர்தண்டா. ஆறு மணிக்குப் பருத்திப்பால். எட்டு மணிக்கு மேல் பரோட்டா அல்லது கறி தோசை, இரண்டில் ஒன்று மட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தின்று தீர்க்க வந்த என் மச்சினன் மறுநாள் மோர்ச்சாதத்தோடு படுத்துக்கிடந்தான்.

வழி சொல்லும்போது 'மேலமாசி', 'கீழவெளி' என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லையே?

கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாகத் தெரு போட்ட ஊர். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். முன்பு கோட்டைச் சுவர் நின்ற இடத்தில் போட்டதுதான் வெளி வீதி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரித்தார். சாப்பாட்டுக்கு இது எப்படி உதவும் என்றால், சித்திரை வீதியில் வண்டி விடமாட்டார்கள், நடந்துதான் ஆக வேண்டும். மாசி வீதியில் ஆட்டோ போகும், ஆனால் மாலையில் நடந்து போகிறவர் முந்திவிடுவார். ஊருக்குள் சாப்பிடுவதென்றால் வண்டியை எங்காவது வெளி வீதிப் பக்கம் விட்டுவிட்டு வாருங்கள்.

காலை டிபனுக்கு எது நல்லது?

மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடையின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சென்னை, சிங்கப்பூர் வரை போய்விட்டது. போங்கள், தப்பில்லை. இலையில் இட்லி, வகை வகையாகச் சட்னி, பொடிக்கு எண்ணெய். ஆனால் மதுரை இட்லியின் உயிர் பெரிய கடையில் மட்டும் இல்லை. தெருமுனையில் இட்லித்தட்டில் துணி விரித்து ஊற்றுகிற அக்காக்களிடமும் இருக்கிறது. துணியோடு கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, துணியை உரித்து எடுக்கும்போது இட்லியின் முதுகில் நெசவுத் தடம் பதிந்திருக்கும். அந்தத் தடம் உள்ள இட்லியை எங்கே பார்த்தாலும் உட்கார்ந்துவிடுங்கள்.

சட்னி விஷயத்தில் மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தேங்காய், தக்காளி, புதினா அல்லது மல்லி, காரச்சட்னி எல்லாம் வந்தபிறகுதான் சாம்பாரைப் பற்றிப் பேச்சு. இங்கே சாம்பார் துணைக்கு வருவதுதான். சாம்பாரில் இட்லியை முழுக்காட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் முதல் இட்லியையாவது சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை என்று பழைய டிபன் கடை ஒன்று உண்டு. அங்கே வெள்ளையப்பம், கூடவே காரச்சட்னி. வெள்ளையப்பம் என்றால் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுகிற ஆப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். இது எண்ணெயில் பொரித்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பலகாரம் போடுகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மெஸ் என்றால் என்ன? ஹோட்டலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

முன்பு மாதச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிச் சாப்பிட்ட இடத்தைத்தான் மெஸ் என்பார்கள். மதுரையில் இப்போது அந்த வார்த்தைக்கு அர்த்தமே மாறிவிட்டது. மெஸ் என்றால் வீட்டு மாதிரி மசாலா அரைத்து, மத்தியானம் இலை போட்டு, கறியும் மீனும் பரிமாறுகிற இடம். தல்லாகுளத்தைச் சுற்றியே அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர்பெற்றவை இருக்கின்றன. நண்டு ஆம்லெட், எலும்பு மஜ்ஜை போட்ட ஆம்லெட், அயிரை மீன் குழம்பு ஆகியவற்றுக்காக வெளியூர் வண்டிகள் அங்கே வந்து நிற்கும்.

உட்கார்ந்ததும் நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இலை விழும், சோறு விழும், அடுத்த நொடி ஒரு தம்பி பெரிய தட்டோடு வருவார். அதில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுக்கா, ஈரல், குடல், மூளை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கோலா உருண்டை, காடை, நெத்திலி, இறால் என்று கொலு மாதிரி அடுக்கியிருக்கும். "அண்ணே, என்ன எடுத்துக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கிண்ணத்தை மேஜையில் இறக்கிவிடுவார். இறக்கியதெல்லாம் கணக்கில் ஏறும். சோற்றுக்கு ஆகிற காசு கொஞ்சம்தான், பில் நிற்பதெல்லாம் இந்தத் தட்டில்தான். ஒருமுறை என் மேனேஜர் முன்னால் கௌரவம் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு வந்த பில்லை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன், ஞாபகத்துக்கு. கடை பெயர் வேண்டாம். அவர்கள் மேல் குற்றமில்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை.

அதனால் இரண்டு பேருக்கு ஒரு வறுவல், ஒரு ஆம்லெட் போதும். மற்றதைக் குழம்பிடம் விட்டுவிடுங்கள். சாப்பாடு வாங்கினாலே மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு என்று கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். கடையின் கைப்பக்குவம் அதில்தான் தெரியும். வறுவலை யார் வேண்டுமானாலும் மிளகுத்தூள் தூவி ஒப்பேற்றிவிடலாம். குழம்பை ஒப்பேற்ற முடியாது. கடைசியில் ரசம், மோர். ரசத்தை விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

அயிரை மீன் குழம்புக்கு ஏன் அவ்வளவு விலை? மீன் இத்தனை சின்னதாக இருக்கிறதே!

சின்னதாக இருப்பதால்தான். சுண்டுவிரல் நீளம்கூட வராத மீன் அது. கண்மாயிலும் ஆற்றிலும் மணலும் சேறுமான இடத்தில் கிடக்கும். கடல் மீன் போல வண்டி வண்டியாக வந்து இறங்காது. மழை பெய்து கண்மாய் பெருகினால் வரத்து இருக்கும், இல்லையென்றால் இல்லை. உயிரோடு வாங்க வேண்டும். குடலை எடுக்கிற அளவுக்கு உடம்பே கிடையாது என்பதால், மீனைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ நீந்தவிட்டு, தின்ற மண்ணைக் கக்க வைப்பார்கள். அப்புறம் கல்லுப்பு போட்டு உரசி அலசி, தலையோடு முழுசாகக் கொதிக்கும் புளிக்குழம்பில் போடுவார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கையில் கிடைப்பது ஒரு கிண்ணம். முள்ளைப் பற்றிப் பயம் வேண்டாம், அப்படியே மெல்லலாம்.

உட்காருவதற்கு முன்னால் "இன்னைக்கு அயிரை என்ன விலைண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கமே வேண்டாம், உள்ளூர்க்காரனும் கேட்பான். குழம்பில் மண் நறநறவென்று கடித்தால் சாப்பிட வேண்டாம். கழுவ நேரமில்லாத அவசரத்தில் சட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கறி தோசை என்றால் தோசைக்குக் கறிக்குழம்பா?

இல்லை. கல்லில் தடியாக மாவு ஊற்றி, அதன்மேல் முட்டையைப் பரப்பி, அதற்கும் மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளிவைத்து, எண்ணெய் விட்டு, திருப்பிப்போட்டு அமுக்கி எடுப்பது. மூன்று அடுக்கு. சிம்மக்கல் கோனார் கடைதான் இதற்குப் பெயர்போனது. ஒன்று சாப்பிட்டால் இரண்டாவதற்கு ஆசை வரும், வயிறு வேண்டாம் என்று சொல்லும். வயிறு சொல்வதைக் கேளுங்கள். கல்லிலிருந்து இலைக்கு வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பார்சல் வாங்கினால் முட்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பரோட்டாவில் இத்தனை வகையா? எதைக் கேட்பது?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அலுப்பே வந்ததில்லை.

சாதா பரோட்டா, அடுக்கடுக்காகப் பிரியும். வீச்சு பரோட்டா, மாவைக் காற்றில் வீசி மெல்லிசாக்கி மடித்தது. சிலோன் பரோட்டா, உள்ளே முட்டையோ கறியோ வைத்துச் சதுரமாக மடித்தது. பன் பரோட்டா, சின்னதாக, தடியாக, மேலே முறுகி உள்ளே மெத்தென்று பன் மாதிரி இருப்பது. சாத்தமங்கலம் ஆவின் சிக்னல் பக்கத்து பன் பரோட்டாக் கடை ரோட்டோரக் கடைதான், ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். அப்புறம் கொத்து பரோட்டா. அதைக் காதால்தான் முதலில் சாப்பிட வேண்டும். இரண்டு தகடு கல்லில் விழுகிற தாளத்தை வைத்தே மாஸ்டர் கை தேர்ந்தவரா, புதுசா என்று தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான். பரோட்டாவைத் தனியாகவும் சால்னாவைத் தனிக் கிண்ணத்திலும் வைத்துக்கொண்டு, பிய்த்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார்கள். நான் "பிச்சுப் போட்டு ஊத்துங்கண்ணே" என்றுதான் சொல்வேன். இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, விரலால் பிசைந்து சாப்பிடுவது. மேல்துண்டு இன்னும் முறுகலாகவும் அடித்துண்டு சால்னாவில் கரைந்தும் இருக்கிற அந்த இடைவேளை கொஞ்ச நேரம்தான் நீடிக்கும். அப்போது போன் வந்தால் எடுக்காதீர்கள்.

சால்னாவுக்கு மட்டன் சால்னா, சிக்கன் சால்னா, வெறும் சால்னா என்று உண்டு. எலும்பிலிருந்து இறங்கிய சாறும் தேங்காயும் கசகசாவும் சேர்ந்த நல்ல சால்னா மேலே எண்ணெய் மிதந்து, கீழே நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அது குருமா. பரோட்டாவுக்குக் குருமா ஊற்றுகிற கடையில் நான் இரண்டாம் தடவை ஏறமாட்டேன். கூட ஒரு கலக்கி சொல்லுங்கள். முட்டையில் கொஞ்சம் சால்னாவையும் மிளகையும் அடித்து, கல்லில் ஊற்றி, வேகாததும் வெந்ததுமாகச் சுருட்டி எடுப்பது.

அப்படியானால் பிரியாணி?

நல்ல சீரகச் சம்பா பிரியாணி இங்கே கிடைக்கும். கீழவெளி வீதி அம்சவல்லி பவன் பழைய பெயர், என் அப்பா காலத்து ஆட்களுக்குக்கூட அது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஆனால் பிரியாணிக்காக மட்டும் மதுரைக்கு வருகிறேன் என்று சொன்னால் திண்டுக்கல்லிலேயே இறங்கிக்கொள்ளச் சொல்வேன். உறவினர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

முனியாண்டி விலாஸ் எல்லாம் ஒரே கம்பெனியின் கிளைகளா?

இல்லை, ஆனால் ஒரே சாமியின் பிள்ளைகள். திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி என்ற கிராமம். அங்கே இருக்கிற முனியாண்டி சாமியின் பெயரில் அந்த ஊர்க்காரர்களும் அவர்களின் சொந்தபந்தங்களும் எங்கெங்கோ போய்த் தனித்தனியாக நடத்துகிற ஹோட்டல்கள் அவை. முதலாளி வேறு வேறு, ருசியும் வேறு வேறு. ஒரு ஊரில் நன்றாக இருந்ததை வைத்து இன்னொரு ஊரில் நம்பி ஏறாதீர்கள். தை மாதம் வடக்கம்பட்டியில் கூடித் திருவிழா நடத்துவார்கள். அன்றாட முதல் விற்பனைக் காசை இதற்கென்று எடுத்துவைக்கிற வழக்கமும் உண்டு. கிடா வெட்டி, அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்து, விடிவதற்குள் பிரசாதமாகக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சாமிக்குப் பிரியாணி படைக்கிறார்களா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் தென் மாவட்டத்துக் காவல் தெய்வங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

ஜிகர்தண்டா உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்குமா?

நல்லதாக இருந்தால் நன்றாக இருக்கும். சுண்டக் காய்ச்சிய பால், ஊறின பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் அல்லது பாசுந்தி. பெயரில் ஜிகர் என்பது நெஞ்சு, தண்டா என்பது குளிர்ச்சி. எல்லாம் அந்தப் பாலில்தான் இருக்கிறது. காய்ச்சிக் காய்ச்சிச் சிவந்த பாலாக இருந்தால் சர்க்கரை அதிகம் தேவைப்படாது. பச்சைப்பாலில் நிறத்தைக் கலந்து ஊற்றினால் வெறும் ரோஸ்மில்க்கின் அண்ணன். விளக்குத்தூண் பக்கத்துக் கடையின் பெயரும் அலங்காரமும் இப்போது ஊரெல்லாம் பரவிவிட்டது. நான் அங்கேயே நின்று குடிப்பேன், சின்ன டம்ளர். 'ஸ்பெஷல்' என்று ஐஸ்கிரீமை மலைபோல ஏற்றுவது பாலை மறைக்கத்தான் உதவும். பாதாம் பிசினை ராத்திரியே ஊறப்போட்டிருந்தால் வழுவழுவென்று இறங்கும். நடுவில் கல் மாதிரி நெருடினால் அவசர ஊறல்.

சாப்பிட்ட உடனே இதைக் குடிக்காதீர்கள். கறிச் சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

நாங்கள் சுத்த சைவம். மதுரையில் பட்டினியா?

அட, காலையும் மாலையும் உங்களுடையதுதானே. இட்லி, பொங்கல், ஊத்தப்பம், வெள்ளையப்பம், பஜ்ஜி, சுழியம் எல்லாம் சைவம்தான். டவுன்ஹால் ரோடு, நேதாஜி ரோடு, மேலமாசி வீதி என்று கோயிலுக்கு மேற்கே சுற்றினால் சைவ ஹோட்டல் அடுத்தடுத்து இருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலில் மத்தியானம் அன்னதானம் உண்டு. 2019 நவம்பர் முதல் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு லட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். சின்னதுதான், ஆனால் குழந்தைகள் அதற்காகவே அடம்பிடிக்காமல் வரிசையில் நிற்கும். காபிக்குக் கோரிப்பாளையம் விசாலம் காபி என் தேர்வு. அங்கே கூட்டம் நின்றுகொண்டே குடிக்கும், உட்கார்ந்து பேச நினைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பரோட்டாக் கடையில் 'வெறும் சால்னா' என்றால் கறித்துண்டு இல்லாத சால்னா என்றுதான் பொருள், சைவம் என்று பொருள் இல்லை. கேட்காமல் ஊற்றிக்கொண்டு பின்னால் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற ஊரில் கிடைக்காத, தள்ளுவண்டியில் மட்டும் கிடைக்கிற பண்டம் ஏதாவது?

பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, தேங்காய்த்துருவல் சேர்த்துக் காய்ச்சியது. கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் இருக்கும். மாலையில் பெரிய பாத்திரத்தோடு வண்டி வரும். தொண்டை கட்டியவர்களுக்கு இதைவிட மருந்து இல்லை. மருந்து விற்கிற நானே சொல்கிறேன்.

இன்னொன்று முள்ளுமுருங்கை அடை. கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, பூரி மாதிரி தட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். பச்சை நிறம், லேசான கசப்பு. இது சௌராஷ்டிர வீடுகளிலிருந்து தெருவுக்கு வந்த பண்டம். நாயக்கர் காலத்தில் நெசவுக்காக இங்கே வந்து தங்கியவர்கள் அவர்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தெற்குவாசல் பக்கமும் சாயங்காலம் நடந்தால் எண்ணெய்ச் சட்டியின் வாசனையே வழி காட்டிவிடும். மகாலைப் பார்த்துவிட்டு நேராக ஆட்டோ ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மதுரை இன்னும் தூங்கா நகரம்தானா?

பாதித் தூக்கத்தில் இருக்கிறது. என் சின்ன வயசில் இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்தால் தெருவுக்குத் தெரு ஆவி பறக்கும். இப்போது பல இடங்களில் பதினொன்றரைக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடுகிறது. பெரியார் பேருந்து நிலையம், மாட்டுத்தாவணி, ரயில் நிலையத்துக்கு எதிரே என்று மூன்று இடத்தில் எந்நேரமும் ஏதாவது கிடைக்கும். ஆனால் கிடைப்பது என்பது வேறு, நன்றாக இருப்பது என்பது வேறு. நடுராத்திரிக்கு மேல் இட்லி மட்டும் சாப்பிடுங்கள். கறி எந்த நேரத்துக் கறி என்று யாருக்கும் தெரியாது.

எந்த நாட்களில் வரக்கூடாது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ் பக்கம் வராதீர்கள். ஊரே அங்கேதான் இருக்கும், உங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த குடும்பம் இலைக்காகக் காத்து நிற்கும். பொங்கல், தீபாவளியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களும் சரிப்படாது. மாஸ்டர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், எடுபிடித் தம்பி பரோட்டா போடுவார். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாட்களில் கறிக்கடைகள் மூடியிருக்கும். அன்றைக்கு மட்டன் வேண்டாம் என்பது என் வழக்கம்.

சித்திரைத் திருவிழா வேறு கதை. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஹோட்டலே தேவையில்லை. தெருவெல்லாம் பந்தல், மோர், பானகம், புளியோதரை, தக்காளி சாதம். மண்டகப்படிக்கு மண்டகப்படி (சாமி நின்று போகிற இடம்) கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் வருந்துவார்கள், ஒரு வாயாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் வந்தால் ஒரு வசதி. பாதி ஊர் கறி சாப்பிடாது, மெஸ்ஸில் நிம்மதியாக இலை கிடைக்கும்.

பில்லில் ஏமாற்றுவார்களா?

பெரும்பாலும் இல்லை. சாதாரண உணவகச் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் எல்லாக் கடையும் அதை வாங்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடையே வரியாகக் கட்டுவது) இருக்கிற சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. பதிவே இல்லாத கடையும் அப்படித்தான். எனக்கு ஒரு இடத்தில், துண்டுச் சீட்டில் கையால் '5%' என்று எழுதிக் கூட்டித் தந்தார்கள். "ஜிஎஸ்டி நம்பர் எங்கேண்ணே?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்கள். சண்டை போட வேண்டியதில்லை, கேட்டால் போதும். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். டிப்ஸைத் தட்டில் விடாமல் பரிமாறினவர் கையில் கொடுங்கள். குழம்பு நாலு தடவை ஊற்றியவர் அவர்தானே.

ரோட்டுக்கடை சுத்தமாக இருக்குமா? வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

கண் எதிரே வேகிறதைச் சாப்பிடுங்கள். மூடிவைத்துச் சுடவைத்ததைத் தவிருங்கள். தண்ணீர் மட்டும் சொந்தப் பாட்டில். கூட்டம் இருக்கிற கடையில் எதுவும் பழசாகிற வரை தங்காது, கூட்டமில்லாத கடையில்தான் யோசிக்க வேண்டும். அச்சடித்த பத்திரிகைத் தாளில் வடையை மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், மை எண்ணெயில் ஊறும்; சட்டப்படியும் கூடாது. ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், கொதிக்கிற சால்னாவை இன்னமும் பையில் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி தொங்கும். பார்க்கிறவர்கள் பால்காரன் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். தூக்குவாளியை நீட்டினால் ஒரு கரண்டி கூடவே விழுகிறது.

வீட்டுக்கே வரவழைத்தால் ஆகாதா? ஆப்பில் எல்லாக் கடையும் இருக்கிறதே?

பிரியாணியும் சப்பாத்தியும் தாங்கும். பரோட்டா, கறி தோசை, ஆம்லெட் தாங்காது. உங்கள் இஷ்டம்.

ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேம விலாஸ் அல்வா. சூடாக இலையில் ஒரு துண்டு வைத்துத் தருவார்கள், அதை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் பார்சல் சொல்லுங்கள். ஆமாம், திருநெல்வேலிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மதுரையில் அல்வா வாங்குவதற்குக் காரணம் ரயில் நிற்கிற இடம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையும் பழைய பெயர்தான். மதுரையில் பேர்போன அல்வாக் கடைகளில் ஒன்று நாகப்பட்டினத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். காரம் பிடித்தவர்களுக்கு இட்லிப் பொடி வாங்கிக் கொடுங்கள்.

இத்தனை கடை சொன்னீர்கள். நீங்கள் வழக்கமாகப் போகிற கடை எது?

அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. செல்லூரில் ஒரு வேப்பமரத்தடியில் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு அக்கா இட்லிப்பானை ஏற்றுவார். குடல் குழம்பு செவ்வாய், வியாழன் மட்டும். ஒன்பதரைக்குப் பானையைக் கவிழ்த்துவிடுவார். முந்தாநாள் நான் ஒன்பதே முக்காலுக்குப் போனேன். "இம்புட்டு நேரம் எங்கண்ணே போனீக?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்கு எடுத்துவைத்திருந்த நாலு இட்லியில் இரண்டை எனக்கு வைத்தார்.